அம்மாவின் வலப்பக்கம்

நாயுடுபேட்டை,
4 பிப்ரவரி 2025

ஷோபா அக்காவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். பெற்றவள் செத்ததைப் பிள்ளைக்குச் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய், உனக்கென்ன குறை?

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கப் போவதில்லை, நானே சொல்கிறேன். கேம்ப் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சித்தி மகள் அலர்மேல்மங்கை வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அம்மாவின் படம், மாலையோடு. போன் போட்டால் அவள் அழுகிறாள். "நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்கண்ணா. ஷோபாக்கா உனுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பிசைந்த சோறு தட்டில் அப்படியே இருந்தது. எதிரில் வெல்டர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பஸ் ஏறிச் சத்தியவேடு வரைக்கும் வந்தேன். அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டேன். போன பொங்கலுக்குப் பிரீத்தியையும் குழந்தையையும் வாசலில் நிற்கவைத்து என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாயே, அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் போனில் என் நம்பரை வேறு அடைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் தபால்.

கேஸ் குழாய் நம் நிலத்தின் வழியாகப் போகச் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். ஆமாம், பட்டா என் பேரில் இருக்கிறது, கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டாலும் அது போயிருக்கும், அதற்கென்று சட்டம் இருக்கிறது. குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது, நிலம் நம்முடையதாகத்தான் இருக்கிறது. அதற்காக அம்மாவுக்கு மண் போடும் உரிமையை என்னிடமிருந்து பிடுங்குவாயா? நைனாவுக்கு நான்தானே போட்டேன். அம்மாவுக்கு யார் போட்டது?

பதில் எழுதச் சொல்லிக் கெஞ்சவில்லை. எழுதினால் படிப்பேன்.

ஹேமநாத்


சின்னப்ப கண்டிகை,
11 பிப்ரவரி 2025

ஹேமநாத்துக்கு,

நான்தான் போட்டேன். பொம்பளை போடக்கூடாதென்று நாலு பெருசுகள் முனகின. "அப்போ இத்தினி நாளா வந்து அவளுக்குத் துணி மாத்தியிருக்கலாமே" என்றேன். விலகி வழி விட்டார்கள்.

உன் கடிதத்தில் சட்டம் என்றெல்லாம் வருகிறது. எனக்கும் கொஞ்சம் தெரியும். நோட்டீஸ் வந்தபோது ஊரில் பலர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்தில் ரத்தினம்மா வீட்டார் எழுதினார்கள், குழாய் அவர்கள் கிணற்றை விட்டு ஒதுங்கிப் போனது. அம்மாவும் எழுதத்தான் சொன்னாள். "ஏரிக்கரைப் பக்கமா கொஞ்சம் தள்ளிக்கினு போவச் சொல்லு, மரத்தை வுட்டுடட்டும்" என்றாள். நீ எங்கள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பதியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாய். அடுத்த மாதமே அந்தக் குழாய்க் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையில் சேர்ந்தாய். நைனா வைத்த பெங்களூரா மாமரங்களை ஒரே நாளில் வேரோடு தள்ளிப் போட்டார்கள். அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அவள் உன்னைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். கடைசிவரை திட்டவில்லை. "எம்புள்ள காரணமில்லாமயா போட்டிருப்பான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்து, வெயில் ஏறும் முன் போய்விட்டாள். உனக்குச் சொன்னால் கம்பெனி ஜீப்பில் வந்து இறங்குவாய். அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த நிலத்தில் நீ நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடப் பறந்தேன். ஆட்கள் எல்லாரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூரில் இருந்தார். புத்தூரிலிருந்து சிட்டிபாபுவின் ஜேசிபியை வரவழைத்தேன். நம் வழக்கப்படி நிலத்தில் நைனாவின் சமாதிக்கு இடப்பக்கம் வெட்டச் சொன்னேன். நடுவில் பாறை தட்டி 'டங்'கென்று சத்தம் வந்தது. சிட்டிபாபு ஒரு முழம் தள்ளி வெட்டினான். அதில்தான் வைத்தோம்.

அவளுக்கு வலப்பக்கம் நைனா படுத்திருக்கிறார். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

படிப்பேன் என்றாய், படித்துக்கொள்.

ஷோபா


நாயுடுபேட்டை,
15 பிப்ரவரி 2025

அக்கா,

சண்டையை ஓரமாக வை. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. போனில் யாருக்கும் எதுவும் எழுதாதே, படம் எடுத்து அனுப்பாதே.

நம் நிலத்தில் பாறை கிடையாது. குழாய்க்குப் பள்ளம் வெட்டும்போது நானே நின்று பார்த்தேன், ஒரு ஆள் ஆழம் வரைக்கும் வெறும் செம்மண். சிட்டிபாபுவின் பக்கெட்டில் தட்டியது என்ன?

எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. எங்கள் சர்வே வரைபடத்தில் நைனாவின் சமாதிக் கல் குறித்திருக்கிறது. குழாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும். கல்லுக்கு இடப்பக்கம் வெட்டினாலும் குழாய் மேல் விழ வழியே இல்லை. வேலை நடக்கும்போது மிஷின் போக வேண்டுமென்று கல்லைப் பெயர்த்து வைத்திருந்தார்கள். பள்ளம் வெட்டி முடிந்ததுமே என்னை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அதைத் திரும்ப நட்டது யார்? எந்த அடையாளத்தை வைத்து நட்டார்கள்?

அம்மாவின் குழியைத் தொட வேண்டாம். சுற்றிக் கிடக்கிற மண்ணைக் கையால் கிளறிப் பார். கறுப்பாக, குழாயின் மேல்பூச்சு உரிந்த, தடித்த பிளாஸ்டிக் தோல் மாதிரித் துணுக்குகள் இருக்கிறதா என்று மட்டும் சொல். இருந்தால் எடுத்துப் பத்திரமாக வை.

ஹேமநாத்


சின்னப்ப கண்டிகை,
21 பிப்ரவரி 2025

ஹேமநாத்துக்கு,

இருக்கிறது. ஒரு கைப்பிடி சேர்ந்தது. மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சிட்டிபாபுவைத் தேடிப் புத்தூர் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டான். "இரும்புன்னு எனுக்கு அப்பவே தெரியும்க்கா. பொணத்தை வச்சிக்கினு அழுதுக்கினு இருக்கீங்க, இன்னான்னு சொல்றது? உள்ள கேஸு இன்னும் வரலன்னு ஊர்ல சொன்னாங்க. சரி, ஒண்ணும் ஆவாதுன்னு தள்ளி வெட்டிட்டேன்" என்றான். அவன்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

கல்லை நடச் சொன்னது நான். வேறு யாரும் இல்லை. வேலை முடிந்து மண்ணை மூடிய பிறகு பீகார் பையன்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கே வைக்க வேண்டுமென்று சைகையில் கேட்டார்கள். நைனாவின் தலைமாட்டில் இருந்த மாமரம்தான் நமக்கு எப்போதும் அடையாளம். அதைத்தான் தள்ளிவிட்டார்களே. வெறும் மண்ணாகச் சமமாகக் கிடந்தது. கிணற்றையும் வரப்பையும் பார்த்து, இங்கேதான் மரம் இருந்தது என்று நான் ஒரு இடத்தில் போய் நின்றேன். அம்மாவும் நடுவீட்டு ஜன்னலிலிருந்து அங்கேதான் என்று கையைக் காட்டினாள். கல்லை நட்டுப் பொட்டு வைத்தோம். ஒவ்வொரு அமாவாசைக்கும் அங்கேதான் விளக்கு வைத்தேன். நைனா அங்கே இல்லை என்று இப்போது நீ எழுதுகிறாய்.

அம்மாவுக்கு வலப்பக்கம் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தது குழாய்.

உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் தோண்டுவார்கள். தோண்டினால் அவளை வெளியே எடுப்பார்கள். அவளுக்கு இனிமேலும் ஒரு கஷ்டம் வேண்டாம்.

ஷோபா


நாயுடுபேட்டை,
2 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். நம் பகுதி மேனேஜர் கோவர்த்தனன் சாரிடம் மட்டும்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. ஏனென்று உனக்குப் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

குழாயில் இப்போது வாயு இல்லை. தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்த்தது, மேல்பூச்சைச் சோதித்தது எல்லாமே அம்மா போவதற்கு முன்னால் முடிந்துவிட்டது. எல்லாம் சரியென்று அறிக்கையும் போய்விட்டது. அதற்குப் பிறகு விழுந்த கீறல் எந்தத் தாளிலும் இல்லை. அதில் வாயுவை முழு அழுத்தத்தில் ஏற்றினால் அது பத்து வருஷம் தாங்கலாம், பத்து நாளில் கிழியலாம். தோண்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கிழிந்தால் ரத்தினம்மா வீடு, நம் வீடு, அங்கன்வாடி எதுவும் மிஞ்சாது.

கோவர்த்தனன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நாடு முழுக்க ஒரே வலையாகக் குழாய் போடும் திட்டத்தில் நம்முடையது ஒரு கிளை. செலவில் ஒரு பங்கு மத்திய அரசின் மானியம், மீதி அரசு வங்கிகளின் கடன். மார்ச் முப்பத்தொன்றுக்குள் திருப்பதி வரை வாயு ஏறினால்தான் மானியத்தின் கடைசித் தவணை வரும். ஏறாவிட்டால் அது டெல்லிக்கே திரும்பிவிடும், வங்கி அடுத்த கடனைக் கொடுக்காது, சித்தூர் வரை போக வேண்டிய வேலை நின்றுவிடும். இருபத்தெட்டாம் தேதி டெல்லியிலிருந்து வீடியோவில் தொடங்கி வைக்கிறார்கள். பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

"மார்ச் முடியட்டும் ஹேமநாத். ஏப்ரல்ல மெயின்டனன்ஸ்னு சொல்லித் தோண்டிப் பாத்துக்கலாம். இப்போ தோண்டினா உங்கம்மாவை எடுக்கணும், உங்கக்கா மேல கேஸ் வரும். உனுக்கு அதுதான் வேணுமா?" என்றார். நீ கேட்டதையே அவரும் கேட்கிறார்.

ஒன்று மட்டும் செய். இருபத்தைந்தாம் தேதியே காவ்யாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. அவள் பரீட்சையை இங்கிருந்து போய் எழுதிக்கொள்ளலாம். ஏப்ரல் பாதிவரை இங்கேயே இரு. பிரீத்தியிடம் சொல்லிவிட்டேன். உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஹேமநாத்


சின்னப்ப கண்டிகை,
9 மார்ச் 2025

ஹேமநாத்,

உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

என்னையும் என் பெண்ணையும் வரச் சொல்கிறாய். ரத்தினம்மாவின் பேரப்பிள்ளைகள்? அங்கன்வாடியில் கஞ்சி குடிக்கிற பிள்ளைகள்? ஊர்க்காரர்களிடம் நான் என்ன சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது? என் தம்பி வீட்டில் விசேஷம் என்றா? நீ சின்ன வயதில் இப்படி இல்லை. கிணற்றில் கோழி விழுந்தால்கூட இறங்கித் தூக்கிக்கொண்டு வருவாய். கம்பெனிச் சோறு துன்னு துன்னு உனக்கு இப்படி ஆகிவிட்டது.

சொல்லாதே என்று போன கடிதத்தில் எழுதியவள் நான்தான். அது எனக்குத் தெரியும். அப்போது எனக்கு அம்மா மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தாள். உன் கடிதம் வந்ததிலிருந்து அங்கன்வாடி மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பிள்ளைகளை எண்ணுகிறேன்.

வெள்ளிக்கிழமை குழாயைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி மண்டல ஆபீஸில் அர்ஜி கொடுக்கப் போனேன். காலையிலிருந்து நின்றேன். கிளார்க் வாங்கிப் படித்துவிட்டு, "பட்டா மீ பேரு மீத லேது கதா அம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். பட்டா என் பேரில் இல்லையாம், அந்த மண்ணைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை இல்லையாம். உன் பேரில்தானே இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டு, குழாய் மேல் குழி வெட்டியதே குற்றம், சத்தம் போடாமல் வீட்டுக்குப் போ என்றார். கம்பெனி போர்டில் இருக்கிற நம்பருக்கு போன் செய்தேன். இந்திக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.

நீ எழுது. உன் பேரில், உன் கையெழுத்தில், டெல்லிக்கு எழுது. ஒரு தடவை எங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய், இந்தத் தடவை நான் கேட்கிறேன், போடு. இருபதாம் தேதிவரை காத்திருப்பேன்.

ஷோபா


சின்னப்ப கண்டிகை,
24 மார்ச் 2025

ஹேமநாத்,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வேலையை முடித்துவிட்டேன். டீவியில் பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

குழாய் என்றால் ஒருத்தனும் வரமாட்டான் என்று தெரிந்துபோயிற்று. பிணம் என்றால் போலீஸ் வந்தே ஆக வேண்டும். புதைத்த பிணத்தை உத்தரவில்லாமல் எடுத்தால் எஸ்.ஐ. வருவார், தாசில்தார் வருவார், எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். அதனால் அம்மாவை நானே எடுத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சிட்டிபாபு வந்தான். ஜேசிபி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வந்தான். என் வீட்டுக்காரரும் இறங்கினார். ஊர் ஆண்கள் வரப்பில் நின்று கத்தினார்கள், பாவம் சேரும் என்றார்கள். ரத்தினம்மா மட்டும் ஒரு குடம் தண்ணீரும் கற்பூரமும் கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதி ஆழம் போனதும் நானே போலீஸ் நம்பருக்கு போன் செய்தேன். "எங்கம்மா பொணத்தை வெளிய எடுத்துக்கினு இருக்கோம், வாங்க" என்றேன். அந்தப் பக்கம் பேசியவன் இரண்டு தடவை ஊர்ப் பேரைக் கேட்டான்.

எப்படி இருந்தாள் என்று எழுதமாட்டேன். நீ கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தாளோ அப்படியே வைத்துக்கொள். சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது.

போலீஸும் தாசில்தாரும் வந்ததும் பக்கத்து மண்ணைத் தள்ளிக் குழாயைத் துடைத்துவிட்டுக் காட்டினேன். ஒரு கை நீளத்துக்கு ஜேசிபியின் பல் கிழித்திருக்கிறது. சிட்டிபாபு விரலை வைத்தான், நகம் முழுசாக உள்ளே போயிற்று. எஸ்.ஐ. என்னை அடிக்கக் கை ஓங்கியவர் அதைப் பார்த்துவிட்டு ஓங்கிய கையைக் கீழே போட்டார். தாசில்தார் "ஏமம்மா இதி?" என்று, இது என்னவென்று கேட்டார். "இதான் சார் அர்ஜி. அன்னிக்கு வாங்கிக்கலியே" என்றேன். லோக்கல் கேபிள்காரன் எல்லாவற்றையும் எடுத்தான்.

கம்பெனி ஜீப்பும் வந்தது. யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தேன். நீ இல்லை.

அம்மாவைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். திரும்ப இந்த மண்ணில் வைக்க விடமாட்டார்களாம். என்மேலும் சிட்டிபாபுமேலும் கேஸ் எழுதியிருக்கிறார்கள்.

ஷோபா


நாயுடுபேட்டை,
18 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நீ அம்மாவை எடுக்கிற செய்தி வந்ததும் என்னைக் காலையிலேயே ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். நான் வராததற்குக் காரணம் அதுதான். அதற்கு முன்னால் எழுதாததற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இரண்டு இருக்கின்றன. கீறல் விழுந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். வெட்டிய துண்டை இங்கே யார்டில் பார்த்தேன். ஒரு இடத்தில் இரும்பு தகரம்போல் மெலிந்திருந்தது. வாயு ஏறியிருந்தால் ஏப்ரலைப் பார்த்திருக்காது என்று வெல்டிங் இன்ஸ்பெக்டர் சொன்னார். நீ செய்தது சரி. அங்கன்வாடிப் பிள்ளைகள் பெரியவர்களானாலும் அவர்களுக்கு இது தெரியப்போவதில்லை.

இன்னொன்றைக் கேட்டால் உனக்கு ஆத்திரம் வரும். மார்ச் முப்பத்தொன்று என்று எங்களை உயிரோடு வதைத்தார்களே, டெல்லியிலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. கெடு ஜூன் முப்பது வரை நீட்டிக்கப்படுகிறது, மானியம் அப்படியே தொடரும். அதைக் கோவர்த்தனன் சார் சிரித்துக்கொண்டே நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். எழுதிக் கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே கொடுத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

அம்மாவைப் புத்தூரில் எரித்துவிட்டார்கள் என்று அலர்மேல்மங்கை சொன்னாள். எரிக்கும்போதும் நான் இல்லை.

என்னிடம் ஒரு வாக்குமூலம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அதைப்பற்றி அதிகமாக எழுத முடியாது. நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள்.

ஹேமநாத்


சின்னப்ப கண்டிகை,
3 ஆகஸ்ட் 2025

தம்பி ஹேமநாத்துக்கு,

வக்கீல் வைத்திருக்கிறேன். நகரியில் துர்காதேவி என்று ஒரு பெண், நம் பக்கத்துப் பாஷை பேசுகிறாள். உன் வாக்குமூலத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். தெலுங்கில் இருந்ததைத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

குழாய் சேதமான விஷயம் போலீஸ் வந்த அன்றுதான் கம்பெனிக்குத் தெரியும், அதற்கு முன் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நான் தெரிந்தே மறைத்தேன், பணம் கறக்கப் பிணத்தை எடுத்து நாடகம் போட்டேன், அரசாங்கப் பணத்துக்கு நஷ்டம் உண்டாக்கினேன் என்று கம்பெனி சொல்கிறது. உன் தாளை வைத்துக்கொண்டுதான் சொல்கிறது. கீழே உன் கையெழுத்து இருக்கிறது. அதே கையெழுத்து, ஹே-வுக்குக் கீழே ஒரு கோடு இழுப்பாயே, அது.

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. காரணமில்லாமல் போட்டிருக்கமாட்டாய். குழந்தை இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, வேறு வேலை கிடைக்காது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சிட்டிபாபுவின் ஜேசிபியைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்கிறது. அவன் பெண்டாட்டி கரும்பு வெட்டப் போகிறாள். எனக்குத் தண்டனை கிடைத்தால் அவனுக்கும்தான் கிடைக்கும்.

துர்காதேவி ஒன்று கேட்டாள். "ஏங்க்கா, கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு காட்ட ஏதாவது கீதா?" என்றாள். இருக்கிறது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நீ மார்ச் இரண்டாம் தேதி எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அடுப்பில் போட எடுத்துப் போடாமல் வைத்தேனே, அதுதான். கோவர்த்தனன் கதவைச் சாத்திப் பேசியதெல்லாம் அதில் உன் எழுத்தில் இருக்கிறது. அது கோர்ட்டுக்குப் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் விடுதலை, உனக்கு வேலை போகும், பொய் வாக்குமூலம் என்று உன்மேல் கேஸ் வரும்.

இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி வாய்தா. நீ நம் நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது என்னைக் கேட்கவில்லை. வாக்குமூலத்தில் போட்டபோதும் கேட்கவில்லை. நான் உன்னைக் கேட்கிறேன். கொடுக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் கொடுக்கமாட்டேன். அதற்காக உன்மேல் வருத்தப்படவும் மாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், வருத்தப்படுவேன். ஆனால் கொடுக்கமாட்டேன்.

அக்கா


திருப்பதி,
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

கொடு.

அந்தக் கடிதத்தோடு பிப்ரவரி பதினைந்தாம் தேதிக் கடிதத்தையும் கொடு. அதில் கல்லைப்பற்றி நான் கேட்டிருக்கிறேன், நீ தெரியாமல்தான் வெட்டினாய் என்பது அதில் தெரியும். மஞ்சள் டப்பாவில் இருக்கிற துணுக்குகளையும் கொடு. வாய்தா அன்றைக்கு நானும் வருகிறேன், கேட்டால் என் வாயாலும் சொல்கிறேன்.

பிரீத்தியிடம் நேற்று சாயங்காலம் சொன்னேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் தெருவுக்குப் போன வாரம்தான் குழாயில் கேஸ் வந்தது. சிலிண்டர் தூக்க வேண்டாம், தீர்ந்துபோகுமோ என்று பயப்பட வேண்டாம் என்று மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நம் நிலத்தின் வழியாக வருகிற அதே கேஸ்தான். அவள் பால் காய்ச்சிக் குழந்தைக்கு ஆற்றினாள். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து அவளும் வந்து, "அக்காவுக்கு எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

வேலை போகும். போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஜெயில் என்றால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இருந்தாலும் கொடு.

அம்மாவின் சாம்பலை இன்னும் கரைக்காமல் சொம்போடு சாமி மாடத்தில் வைத்திருக்கிறாய் என்று அலர்மேல்மங்கை சொன்னாள். கரைக்காதே. பழைய சர்வே வரைபடத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கிணற்று மேடையிலிருந்து அளந்தால் நைனா எங்கே இருக்கிறார் என்று என்னால் காட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மஞ்சள் சட்டை போட்டு வரமாட்டேன். நீ கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, நேரே நிலத்துக்குப் போகிறேன், நீ சொம்பை எடுத்துக்கொண்டு அங்கே வா.

சிட்டிபாபுவையும் வரச் சொல். நைனாவுக்கு இடப்பக்கம் சின்னக் குழி போதும், கையாலேயே தோண்டிவிடலாம்.

ஹேமநாத்